பிலிப்பைன்ஸ் மொழிகள்: 'டயலெக்ட்' என்ற சொல்லுக்குள் மறைந்திருப்பவை

மத்திய கிழக்கு நாடுகளில் பணிபுரிந்து திரும்பிய எம்மவர்களுக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டவர்கள் அந்நியர்கள் அல்லர். றியாத்திலும் குவைத்திலும் டுபாயிலும் வீடுகளிலும் வைத்தியசாலைகளிலும் கடைகளிலும் எமது நாட்டவரும் அவர்களும் அருகருகே வேலை செய்கின்றனர். அவர்கள் ஒருவரையொருவர் 'கபாயன்' என்று, அதாவது 'நம் நாட்டவரே' என்று விளிப்பதைப் பலரும் கேட்டிருப்பர். கூர்ந்து கவனித்தவர்கள் இன்னொன்றையும் கண்டிருக்கக்கூடும். பகலில் சக பணியாளர்களுடன் ஒரு மொழியில் உரையாடும் பெண், இரவில் ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது முற்றிலும் வேறொரு மொழியில் பேசுவாள். அது என்ன மொழி என்று வினவினால், "அது மொழியல்ல, எங்கள் ஊர் டயலெக்ட்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

இந்தப் பதில் உண்மையல்ல. ஆயினும், இப்படிப் பதில் சொல்வதற்கு அந்நாட்டவர்கள் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாகப் பழக்கப்பட்டுள்ளனர். அந்தப் பழக்கத்தின் விளைவு 2024ஆம் ஆண்டில் ஒரு சட்டமாக வெளிவந்து, அந்நாட்டின் பாலர் வகுப்புகள் வரை சென்றிருக்கிறது.

மொழியியலாளர்கள் 'டயலெக்ட்' எனக் குறிப்பதை நாம் கிளைமொழி என்றோ வட்டார வழக்கு என்றோ அழைக்கிறோம். யாழ்ப்பாணத்தவரின் பேச்சும் மட்டக்களப்பாரின் பேச்சும் வேறுபடலாம். ஆனால் ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கும். பிலிப்பைன்ஸிலும் இத்தகைய கிளைமொழிகள் உண்டு. மணிலாவுக்குத் தெற்கேயுள்ள பத்தாங்காஸ் மாகாணத்தவர் பேசும் தகாலொக், தலைநகரத்தவர் கேட்டுப் புன்னகைக்கும் ஒரு வட்டார வழக்கு. செபு மொழியினர் 'ய' என ஒலிக்கும் இடத்தில் அயல்தீவாகிய போஹோலில் பலரும் 'ஜ' என ஒலிப்பதும் அவ்வாறானதே. ஆனால் செபுவானோவும் இலோகானோவும் தகாலொக்கும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றில் ஒன்றை மட்டும் அறிந்தவருக்கு மற்றையவை விளங்குவதில்லை. அன்பைக் குறிக்கத் தகாலொக்கில் 'மஹால்' என்றும், செபுவானோவில் 'குக்மா' என்றும், இலோகானோவில் 'அயாத்' என்றும், கப்பம்பாங்கானில் 'லுகுட்' என்றும் சொல்வர். 'லங்கம்' என்ற சொல் தகாலொக்கில் எறும்பைக் குறிக்கும். செபுவானோவில் பறவையைக் குறிக்கும். இவற்றை ஒரு மொழியின் கிளைகள் எனச் சொல்வது, தமிழையும் மலையாளத்தையும் கன்னடத்தையும் ஒரு மொழியின் வட்டார வழக்குகள் எனச் சொல்வதைப் போன்றதாகும்.

ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளைக் கொண்ட அந்நாட்டில் எத்தனை மொழிகள் உள்ளன என்பதில் ஒருமித்த கருத்தில்லை. எங்கே மொழி முடிந்து கிளைமொழி தொடங்குகிறது என்று கோடிடுபவரைப் பொறுத்து, 130 முதல் 180க்கு மேல் வரை கணக்குகள் சொல்லப்படுகின்றன. ஸ்பானிய மொழி கலந்து உருவான ஒன்றைத் தவிர, அந்நாட்டின் சுதேச மொழிகள் அனைத்தும் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மலாய் மொழியும் மடகஸ்காரின் மலகாசியும் நியூஸிலாந்தின் மாவோரியும் அதே குடும்பம். எமது நாட்டு மலாய் சமூகத்தவரின் தாய்மொழிக்கும் தகாலொக்கிற்கும் உள்ள உறவு சில சொற்களிலேயே புலப்படும். இரண்டிலும் கண் 'மாதா', பிள்ளை 'அனாக்', வானம் 'லங்கித்', ஐந்து 'லிமா'. வினைச்சொல் அமைப்பு தமிழருக்குப் புதுமையானது. நாம் வேர்ச்சொல்லின் பின்னால் விகுதிகளைச் சேர்ப்போம். அவர்கள் வேர்ச்சொல்லைப் பிளந்து நடுவே செருகுவர். 'சூலாத்' என்றால் எழுத்து. 'சுமூலாத்' என்றால் எழுதினான். 'சுசூலாத்' என்றால் எழுதுவான்.

மலாய் வணிகர் வழியாகத் தமிழும் அங்கு சென்றிருக்கிறது. 'மங்கா' என்று அவர்கள் சொல்வது எமது மாங்காய்தான். பொருளைக் குறிக்கும் 'பகாய்' தமிழின் வகையிலிருந்தும், போர்வீரனைக் குறிக்கும் 'கவால்' தமிழின் காவலிலிருந்தும் வந்தவை எனச் சொற்பிறப்பு ஆராய்ந்தோர் காட்டுகின்றனர். ஆசிரியருக்கு 'குரோ', முகத்துக்கு 'முக்கா' என்பன வடமொழி தந்தவை. 'சலாமத்' என்று நன்றி சொல்லும் கத்தோலிக்கர், தாம் ஓர் அரபுச் சொல்லைச் சொல்வதைப் பெரும்பாலும் அறியார்.

இனி, எவர் எதைப் பேசுகின்றனர் என்பதற்கு வருவோம். 2020ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்போது நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய 10 கோடியே 90 இலட்சம். வீட்டில் வழமையாகப் பேசும் மொழி எதுவென வினவப்பட்டபோது 39.9 சதவீதமான குடும்பங்கள் தகாலொக் என்றன. பிசாயா என்றவை 16.0 சதவீதம். ஹிலிகாய்னோன் 7.3, இலோகானோ 7.1, செபுவானோ 6.5, பிக்கோல் 3.9, வராய் 2.6, கப்பம்பாங்கான் 2.4, மகிந்தனாவோன் 1.4, பங்கசினான் 1.3 சதவீதம்.

இப்பட்டியலைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 'பிசாயா' என்றும் 'செபுவானோ' என்றும் தனித்தனியே பதியப்பட்டவை பெரும்பாலும் ஒரே மொழி. செபு தீவில் உள்ளவர் அதனைச் செபுவானோ என்பர். லெய்ட்டேயிலும் மிண்டனாவோவிலும் அதே மொழியைப் பேசுவோர், வேறொரு தீவின் பெயரைத் தம் மொழிக்குச் சூட்ட விரும்பாமல் பிசாயா என்பர். இரண்டையும் கூட்டினால் 22.5 சதவீதம் வருகிறது. கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு கட்டம் இரண்டாகப் பிரிந்தால் ஒரு சமூகத்தின் பலம் காகிதத்தில் எப்படிக் குறைகிறது என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்மொழியினர் தகாலொக் மொழியினரிலும் கூடிய தொகையினராக இருந்தனர் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

தகாலொக் தலைநகர் மணிலாவுக்கும் அதனைச் சூழ்ந்த மாகாணங்களுக்கும் உரியது. 'தகா இலொக்', அதாவது ஆற்றங்கரையார் என்பது அப்பெயரின் பொருள் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. நீரினாற் பெயர் பெற்ற மக்கள் அங்கு பலர். கப்பம்பாங்கான் என்பதும் ஆற்றங்கரையைச் சுட்டுவது. மரனாவோ என்றால் ஏரி மக்கள். தவ்சுக் என்றால் நீரோட்டத்து மக்கள். இலோகானோ மொழியினர் லூசோன் தீவின் வடமேற்கில் மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் வாழ்ந்தவர்கள். நிலம் போதாமையால் வடலூசோன் முழுவதும் பரவினர்; 1906 முதல் ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கும் சென்றனர். இன்று ஹவாயில் வாழும் பிலிப்பைன்ஸ் வம்சாவளியினரில் பெரும்பான்மையினர் அவர்களது சந்ததியினரே. நீக்ரோஸ் என்ற ஒரே தீவில், மலைத்தொடருக்கு மேற்கே ஹிலிகாய்னோன், கிழக்கே செபுவானோ. வடகோடியிலுள்ள பத்தானேஸ் தீவுகளின் இவதான் மொழிக்கு மணிலாவின் மொழியிலும் பார்க்கத் தாய்வானுக்கு உரித்தான ஓர்கிட் தீவின் மொழி நெருக்கமானது.

இவை வெறும் பேச்சு மொழிகள் என்று எண்ணுவதும் தவறு. தகாலொக் சஞ்சிகையான 'லிவாய்வாய்' 1922இல் தொடங்கியது. செபுவானோவில் 'பிசாயா' 1930இலும், இலோகானோவில் 'பன்னவாக்' 1934இலும், ஹிலிகாய்னோனில் 'ஹிலிகாய்னோன்' அதே 1934இலும் தொடங்கின. கதையும் கவிதையும் தொடர்கதையுமாகப் பல தலைமுறை வாசகர்களை இவை வளர்த்தன. பாடசாலை அந்தந்த மொழியில் எழுதப் படிக்கக் கற்பிக்காத காலத்திலும் மக்கள் அவற்றைத் தாமாகவே படித்தனர் என்பது, பத்திரிகைத் தொழிலில் உள்ள எமக்குப் பெருவியப்பைத் தருகிறது.

அப்படியாயின் 'டயலெக்ட்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

1565 முதல் 1898 வரை ஆண்ட ஸ்பானியர், தம் மொழியை மக்களுக்குப் பரவலாகக் கற்பிக்கவில்லை. பாதிரிமாரே மக்களின் மொழிகளைக் கற்று மதம் பரப்பினர். 1896இல் எழுந்த புரட்சி தகாலொக் பகுதிகளில் வேரூன்றியது. 1897இல் புரட்சியாளர் வகுத்த பியாக் நா பாத்தோ அரசியலமைப்பு தகாலொக்கை அரச மொழியாக்கிற்று. பின்னர் வந்த அமெரிக்கர் 1901இல் ஆங்கிலத்தைப் போதனா மொழியாக்கினர். அவ்வாண்டு 'தோமஸ்' என்ற கப்பலில் ஏறக்குறைய ஐந்நூறு அமெரிக்க ஆசிரியர்கள் வந்திறங்கினர். ஆங்கிலமே மொழி, ஏனையவை யாவும் 'டயலெக்ட்' என்ற வழக்கு வகுப்பறையில் வேரூன்றியது அக்காலத்தில்தான்.

1935இன் அரசியலமைப்பு பொதுத் தேசிய மொழி ஒன்றை உருவாக்கப் பணித்தது. இதில் ஒரு சொல்லின் கதை உண்டு. பேரவை விவாதங்களில் ஏற்கப்பட்ட கருத்து 'நிலவும் சுதேச மொழிகளை அடிப்படையாகக் கொண்டு' என்பதாக இருந்தும், இறுதி வாசகத்தில் அது 'நிலவும் சுதேச மொழிகளில் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு' என்று மாறிற்று. 1936இல் தேசிய மொழி நிறுவகம் அமைக்கப்பட்டது. தலைவர் ஜைமே டி வெய்ரா வராய் மொழியினர். முக்கிய மொழிகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுப்பினர் என்ற ஏற்பாட்டில், முஸ்லிம்களின் மொழிகள் சார்பில் சூலுவைச் சேர்ந்த ஹாஜி புத்து நியமிக்கப்பட்டார். 1937 டிசம்பர் 30ஆம் திகதி ஜனாதிபதி மனுவெல் கெஸோன் தகாலொக்கே தேசிய மொழியின் அடிப்படை எனப் பிரகடனம் செய்தார். அவரது தாய்மொழியும் தகாலொக்கே. தலைநகரின் மொழி, வளர்ந்த இலக்கியம் உடைய மொழி என்ற காரணங்கள் கூறப்பட்டன. அவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆனால் செபுவிலும் இலோய்லோவிலும் அவை மனநிறைவை அளிக்கவில்லை. எதிர்ப்பு பல தசாப்தங்களுக்குத் தொடர்ந்தது.

அதன் பின் நடந்தவை பெயரைப் பற்றிய போராட்டம். தகாலொக் என்ற பெயர் பிற மொழியினரை உறுத்துவதால், 1959இல் கல்விச் செயலாளர் தேசிய மொழிக்கு 'பிலிப்பினோ' எனப் புதுப்பெயர் இட்டார். அதன் முதலெழுத்து 'ப' ஒலி. தகாலொக்கின் பழைய இருபது எழுத்து நெடுங்கணக்கில், கீழுதட்டைப் பல் தொட ஊதி ஒலிக்கும் 'ஃப' இல்லை. 1973இன் அரசியலமைப்பு, நாட்டின் மொழிகள் அனைத்தையும் கொண்டு எதிர்காலத்தில் வளரப்போகும் தேசிய மொழிக்கு 'ஃபிலிப்பினோ' என்று பெயர் குறித்தது. 1987இன் அரசியலமைப்பு அம்மொழி இருப்பதாகவே அறிவித்தது. இபனாக், த்போலி போன்ற மொழிகளில் 'ஃப' ஒலி உண்டு ஆதலால், இருபத்தெட்டு எழுத்துகளாக விரிந்த புதிய நெடுங்கணக்கில் அவ்வெழுத்தைச் சேர்த்தமை, எல்லா மொழிகளுக்கும் இடமுண்டு என்பதன் அடையாளமாகச் சொல்லப்பட்டது. தமிழுக்கும் அவ்வொலி இல்லையாதலால், அவர்கள் கால்நூற்றாண்டுக்கு மேலாக வாதாடிய இவ்வேறுபாடு எமது பத்திரிகை அச்சில் வழமையாக மறைந்தே போகிறது.

பெயர் மாறிற்று, பொருள் மாறிற்றா? இன்று தேசிய மொழி எனக் கற்பிக்கப்படுவது மணிலாவின் தகாலொக், ஆங்கில, ஸ்பானியக் கலப்புடன். தகாலொக் அறிந்தவர் அதனைத் தனியாகக் கற்க வேண்டியதில்லை. மொழியியலாளரிற் பெரும்பாலானோர் இரண்டையும் ஒரே மொழியாகவே கொள்கின்றனர். பிரதேச மொழிகளுக்கு 1987இன் அரசியலமைப்பு 'துணை அரசகரும மொழி' என்ற தகுதியை அவ்வப் பிரதேசங்களில் வழங்கியது. அரபும் ஸ்பானியமும் விருப்பத்தின் பேரில் ஊக்குவிக்கப்படும் என்றது. அந்த அரசியலமைப்பின் கீழேயே 1998இல் நிறைவேறிய கொடிச் சட்டம், தேசிய கீதத்தைத் தேசிய மொழியில் மாத்திரமே பாட வேண்டும் என்கிறது. செபுவானோவில் பாடுவது அங்கு சட்டமீறல். இவ்விடத்தில் வாசகருக்கு நினைவில் எழுவது எதுவென்பதை நாம் எழுதத் தேவையில்லை.

இவ்வரலாற்றில் முஸ்லிம்களின் நிலை தனியாக நோக்கத் தக்கது. 2020இன் கணக்கெடுப்பின்படி அவர்கள் நாட்டின் சனத்தொகையில் 6.4 சதவீதத்தினர். 'மோரோ' என்பது ஸ்பானியர் அவர்களுக்கு இட்ட பெயர். இலங்கை முஸ்லிம்களுக்குப் போர்த்துக்கேயர் இட்டதும் அதே பெயரே. ஆங்கிலேயர் அதனை 'மூர்' ஆக்கினர். தமக்கு இகழ்ச்சியாக இடப்பட்ட பெயரை அங்குள்ளோர் தமதாக்கி, வம்சம் என்ற வடசொல்லின் மலாய் வடிவமான 'பங்சா' வையும் இணைத்துத் தம்மைப் 'பங்சமோரோ' என அழைத்துக்கொள்கின்றனர்.

ஆனால் பங்சமோரோ மக்களுக்கு ஒரு மொழி இல்லை. மகிந்தனாவோன், மரனாவோ, இரானுன் ஆகிய மூன்றும் நெருங்கிய உறவினை உடையன. பசிலான் தீவின் யக்கானும் கடலோடிகளான சமா மக்களின் மொழிகளும் வேறொரு கிளை. சமா மொழிகள் மலேசியாவின் சபாவிலும் இந்தோனேசியாவிலும்கூடப் பேசப்படுகின்றன. சூலுவின் தவ்சுக் மொழியோ, பழைய சூல்தானகத்தின் மொழியாயினும், பிறப்பால் விசாயக் கிளையினது. மிண்டனாவோவின் வடகிழக்கிலுள்ள கிறிஸ்தவர்களின் புத்துவானோன் மொழிக்கு மிக அண்மையானது. மதம் பிரித்த இடத்தில் மொழி சேர்த்து வைத்திருக்கிறது. தவ்சுக்கில் நன்றி கூற 'மக்சுக்குல்' என்பர். 'ஷுக்ர்' என்ற அரபு வேரை எமது முஸ்லிம் வாசகர்கள் உடனே இனங்காண்பர். அரபுத் தமிழை எம்முன்னோர் அரபு எழுத்தில் எழுதியது போலவே, தவ்சுக் மக்களும் மரனாவோ மக்களும் தம் மொழிகளை அரபு எழுத்தில் எழுதிவந்தனர்.

மிண்டனாவோவின் மொழிப்படத்தை மாற்றியது குடியேற்றம். வடக்கே நிலமற்றோரைத் தெற்கே குடியேற்றும் திட்டத்துக்காக 1939இல் சட்டப்படி ஒரு நிர்வாகமே அமைக்கப்பட்டது. விசாயாஸ் தீவுகளிலிருந்தும் லூசோனிலிருந்தும் வந்தோர் தொகை பெருகி, முஸ்லிம்களும் மலைவாழ் லுமாட் மக்களும் தமது மண்ணின் பெரும்பகுதியில் சிறுபான்மையினர் ஆயினர். இன்று மிண்டனாவோவின் இணைப்பு மொழி செபுவானோ. கொரொனடாலில் ஹிலிகாய்னோன் கேட்கிறது. சம்போவாங்காவில் மட்டும் நிலைமை வேறு. அங்கு ஸ்பானியர் 1635இல் தொடங்கிய கோட்டையைச் சூழ்ந்து உருவான சவக்கானோ, ஸ்பானியச் சொற்களும் விசாய இலக்கணச் சாயலும் உடைய கலப்பு மொழி. மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயத்தை அறிந்தோருக்கு அது விளங்கக்கூடிய பிறப்பு. ஆயினும் இது அருகிப் போகவில்லை. ஒரு நகரமே பேசுகிறது.

தாய்மொழிக் கல்வி என்ற கோரிக்கை இப்பின்னணியில் எழுந்தது. 1974 முதல் அந்நாட்டுப் பாடசாலைகளில் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில், சமூகக் கல்வி முதலியன தேசிய மொழியில் என்ற இருமொழிக் கொள்கை நிலவியது. சமார் தீவின் ஒரு பிள்ளைக்கு இரண்டும் அந்நிய மொழிகள். மணிலாப் பிள்ளைக்கு ஒன்றே அந்நியம். கலிங்கா மலை மாகாணத்தின் லுபுவாகனில் தாய்மொழியிற் கற்பித்துச் செய்த பரிசோதனையில், அப்பிள்ளைகள் ஆங்கிலத்திலும் உட்பட ஏனையோரை விஞ்சினர். 2009இல் கல்வித் திணைக்களம் தாய்மொழிக் கல்வியைக் கொள்கையாக ஏற்றது. 2012இல் பன்னிரண்டு மொழிகளில் அது தொடங்கிப் பின்னர் பத்தொன்பதாக விரிந்தது. தவ்சுக், மகிந்தனாவோன், மரனாவோ, யக்கான் ஆகியனவும் அவற்றுள் அடங்கின. 2013இன் சட்டம் பாலர் வகுப்பு முதல் மூன்றாம் தரம் வரை அதனைக் கட்டாயமாக்கிற்று.

பன்னிரண்டு ஆண்டுகளில் அது முடிவுக்கு வந்தது. 2024 ஒக்டோபர் 10ஆம் திகதி, ஜனாதிபதியின் கையொப்பம் இல்லாமலேயே, 12027ஆம் இலக்கச் சட்டம் நடைமுறைக்குரிய சட்டமாயிற்று. போதனா மொழி மீண்டும் ஃபிலிப்பினோவும் ஆங்கிலமும். பிரதேச மொழிகள் துணைக்கு மாத்திரம். எதிர்த்தோர் கூறிய குறைகளில் உண்மை உண்டு. பாடநூல்கள் போதவில்லை. ஆசிரியருக்குப் பயிற்சி போதவில்லை. நகரங்களில் ஒரே வகுப்பில் மூன்று நான்கு தாய்மொழிப் பிள்ளைகள் இருந்தனர். வெளிநாட்டு வேலையை நம்பியிருக்கும் பெற்றோர் ஆங்கிலத்தையே கேட்டனர். இவை சரிப்படுத்தக்கூடிய குறைகள் என்பதே எமது எண்ணம். நூல் அச்சிடாமல் விட்டுவிட்டு, நூல் இல்லையே என்று மொழியை வெளியேற்றுவது எந்த நாட்டிலும் நியாயமாகாது. தகாலொக் பேசும் பிள்ளைக்கு இச்சட்டத்தால் இழப்பேதும் இல்லை. அதன் தாய்மொழி வகுப்பறையில்தான் இருக்கிறது.

சட்டத்தில் ஒரு விலக்கு வைக்கப்பட்டுள்ளது. ஒரே தாய்மொழிப் பிள்ளைகள் மட்டும் உள்ள வகுப்பில், விரும்பினால் அம்மொழியிற் கற்பிக்கலாம். அதற்கு அம்மொழிக்கு அங்கீகரிக்கப்பட்ட எழுத்து முறை, அகராதி, இலக்கண நூல், படிப்பதற்கான இலக்கியம், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆகியன இருக்க வேண்டும். செபுவானோவும் இலோகானோவும் ஒருவேளை இந்நிபந்தனைகளை நிறைவு செய்யும். சமா மொழிகளும் இரானுனும், லூசோன் மலைகளில் சில நூறு பேர் மாத்திரம் பேசும் ஆக்தா மொழிகளும் முந்தைய பத்தொன்பதின் பட்டியலிலேயே இடம்பெறாதவை.